ஒல்மர்பேக் வந்து உட்கார்ந்த சனிக்கிழமை

"அம்மா, ஒரு ஊருக்குக் களைச்சா அது எங்கை போய் இருக்கும்?" என்று கமலேஸ்வரியின் மகள் சோபிகா நாலு வயதில் ஒருமுறை கேட்டாள். கேட்ட இடம் ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் நகரும் படிக்கட்டு. இரண்டு கையிலும் பால் பெட்டிகளோடு நின்ற கமலேஸ்வரி, "முதல்லை காலைப் பாத்து வை" என்று சொல்லிவிட்டார். சோபிகா வளர்ந்து பேர்கனில் பல் வைத்தியராகி, அந்தக் கேள்வியையே மறந்துவிட்டாள். பதில் மட்டும் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. ஒக்டோபர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒல்மர்பேக் என்ற பெல்ஜியத்துச் சிற்றூர், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகளுக்குப் பின்னாலுள்ள சரளைக்கல் கால்பந்து மைதானத்தில் வந்து உட்கார்ந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. குப்பை லாரி பின்னால் எடுக்கிறது என்றுதான் மூன்றாம் மாடிக்காரர்கள் நினைத்தார்கள். மணிக்கூண்டு வைத்த ஒரு தேவாலயம், சதுக்கம், நூற்று நாற்பது வீடுகள், ஒரு பேக்கரி, இரண்டு பாலங்களுடன் ஆற்றில் ஒரு துண்டு எல்லாம் கூடவே வந்திருந்தன. ஆறு ஒரு கோல் கம்பத்தருகே தொடங்கி மறு கோல் கம்பத்தருகே முடிந்தது. நடுவில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நகராட்சியிலிருந்து வந்த நில அளவையாளர் மைதானத்தை அளந்தார், தொண்ணூறு மீட்டர். உள்ளே இருந்த ஊரை அளந்தார், ஆயிரத்து நூறு மீட்டர். இன்னொரு முறை அளந்துவிட்டு, தனக்கு உடம்பு சரியில்லை என்று தானே எழுதிக்கொடுத்து மூன்று நாள் விடுப்பில் போனார். வாகன நிறுத்தத்தைக் கவனிப்பவர் அனுமதியின்றி நிறுத்தியதற்கான அபராதச் சீட்டைத் தேவாலயக் கதவில் செருகினார். ஒல்மர்பேக் மக்கள் எழுந்து ஜன்னலைத் திறந்து, எதிரே நின்ற அடுக்குமாடிகளைப் பார்த்துவிட்டு, இங்கே குப்பை எடுக்கும் நாள் எது என்று விசாரித்தார்கள்.

ஊர் ஏன் வந்தது என்பதை அதன் பேக்கரிக்காரர் பின்னால் விளக்கினார். எண்ணூறு வருடம் நின்றது அதற்குப் பெரிதில்லையாம். கடைசி முப்பது வருடம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து அதைப் படம் பிடித்ததுதான் களைப்பாம். வேடிக்கை பார்க்க ஒருவரும் வராத இடம் ஐரோப்பாவில் எது என்று ஊர் நன்றாக விசாரித்துத்தான் ஹவுகன்ஸ்டுவாவைத் தேர்ந்ததாம். ஹவுகன்ஸ்டுவாக்காரர்கள் இதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஓய்வெடுக்க வந்த ஊர் ஆதலால், தன்னைச் சுற்றிப் பார்க்க வருபவர்களை அது உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் அவர் நின்ற தெரு மெல்ல வளைந்து, நாற்காலியில் படுத்த பூனையை இறக்கிவிடுவதுபோல, அவரை ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலைய மேடையில் இறக்கிவிட்டது. வலியில்லை. கையில் காபி இருந்தால் அதுவும் சிந்துவதில்லை.

அன்று அங்கே டுக்னாட் நாளாகவும் இருந்தது. வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை, குடியிருப்பில் உள்ள எல்லோரும் கூலியில்லாமல் வெளியே இறங்கி வளவைச் சுத்தம் செய்து, பிறகு ஒன்றாக நின்று இறைச்சிச் சொசேஜ் சுட்டுத் தின்பதற்கு நோர்வேயில் அந்தப் பெயர். முப்பத்தெட்டுப் பேர் இலைவாரிகளோடு இறங்கி வந்து, மைதானத்தில் ஓர் ஊர் இருப்பதைப் பார்த்து நின்றார்கள். டுக்னாட் பொறுப்பாளர் கமலேஸ்வரி. பக்கத்திலுள்ள அம்மருட் முருகன் கோயில் வீதியைக் கூட்டிக் கூட்டித் தேர்ந்த கை அவருடையது. அவர் ஒரு நிமிடந்தான் யோசித்தார்.

"எங்கடை நிலத்திலைதானே கிடக்குது? அப்ப அதுக்குள்ளை கிடக்கிற இலையும் எங்கடை இலைதான். வாங்கோ."

இப்படி ஒரு பிழை ஹவுகன்ஸ்டுவாக்காரர்களுக்கு மட்டுமே வரும். முப்பத்தெட்டுப் பேரும் தலையைக் குனிந்தபடி ஒல்மர்பேக்குக்குள் வாரிக்கொண்டே போனார்கள். ஒருவரையும் ஊர் இறக்கிவிடவில்லை. எண்ணூறு வருடமாகக் கண் பட்டிருக்கிறதே தவிர, வெளியார் கை பட்டு யாரும் அதற்குத் தலைவாரி விட்டதில்லை. சதுக்கத்தை வாரி முடித்தபோது தேவாலயக் கோபுரம் சுகத்தில் சற்றுச் சாய்ந்ததைப் பலர் பார்த்தார்கள்.

நாலாம் மாடியிலிருந்த ராகவன் கோயம்புத்தூர்க்காரன், மென்பொருள் வேலை. அவன் மனைவி ஹரிப்ரியா அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போவதாக இருந்தாள். திரும்பி வரும் டிக்கெட் அவள் எடுக்கவில்லை. "உங்க மேல கோவம் இல்லை. நாலு வருஷமா இந்தக் கட்டடத்துல ஒருத்தர் கதவைத் தட்டினது இல்லை. தெரிஞ்சவங்க இருக்கற இடத்துக்குப் போறேன், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள். பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போவதாக ராகவன் மூன்று முறை வாக்குக் கொடுத்து, மூன்று முறையும் அலுவலகத்துக்காக ரத்து செய்தவன். பால்கனியிலிருந்து ஒல்மர்பேக்கைக் கண்டதும் கடவுளே நேரில் வந்து மன்னித்ததாக அவனுக்குப் பட்டது. 'உள்ளூர்க்காரரைப் போல ஒரு நாள்' என்ற தலைப்பில் பதினான்கு அம்சங்கள் கொண்ட பட்டியல் அவன் போனில் இரண்டு வருடமாகத் தயாராக இருந்தது. இன்று அவள் மனம் மாறாவிட்டால் இனி மாறாது என்று அவனுக்குத் தெரியும். ஒன்பதரை மணிக்கு அவளைக் கிளப்பிக்கொண்டு இறங்கினான்.

முதல் அம்சம், சதுக்கத்தில் நின்று காபி. ராகவன் போனைத் தூக்கினான். அடுத்த கணம் ரயில் மேடையில் நின்றான். ஹரிப்ரியா அப்போது குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்ததால் ஊருக்குள்ளேயே இருந்தாள். அவன் ஓடிவந்தான். இரண்டாம் அம்சம், பழைய பாலம். மறுபடி மேடை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணால் மட்டும் ரசித்தான். அதுவும் செல்லவில்லை. நண்பகலுக்குள் பதினொரு முறை அவன் அந்த மேடையில் இறக்கிவிடப்பட்டான். எட்டாம் முறை, ரயிலுக்குக் காத்திருந்த ஒருவர் இவனுக்காக நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

சதுக்கத்தில் தனியாக நின்ற ஹரிப்ரியாவின் கையில் கமலேஸ்வரி ஓர் இலைவாரியைத் திணித்தார். "சும்மா நிண்டால் குளிரும் பிள்ளை. இந்தா, அந்தப் பக்கத்தைப் பிடி."

"நீங்க தமிழா ஆன்ட்டி?"

"ஓம், நாங்கள் இரண்டாம் மாடி. நீங்கள் இந்தியாக்காரர், எங்களோடை இங்கிலீசிலைதான் கதைப்பியள் எண்டு இவர் சொன்னவர். அதுதான் கதவு தட்டேல்லை."

"எங்க வீட்டுக்காரர், உங்க தமிழ் நமக்குப் புரியாது, பேசினா தப்பா எடுத்துப்பாங்கன்னு சொன்னார்."

"இரண்டு ஆம்பிளையளுக்கும் நல்ல விளக்கம்" என்று கமலேஸ்வரி சிரித்தார். "இப்ப விளங்குதோ?"

"முக்கால்வாசி."

"காணும். நோர்வேக்காரர் கதைக்கிறதிலை எனக்கு அரைவாசிதான் விளங்கிறது. முப்பது வருசம் ஓட்டியிட்டன்."

ஆற்றோரத் தெருவை ஹரிப்ரியா வாரிக்கொண்டு போனபோது, பச்சைக் கதவு வைத்த வீட்டிலிருந்து லீஸ்பெத் என்ற இளம் பெண் வெளியே வந்தாள். மாவுக்கு ஈஸ்ட் தீர்ந்துவிட்டது, இதோ வாங்கி வருகிறேன் என்று சைகையில் சொல்லி, யான் என்ற தன் எட்டு மாதக் குழந்தையை ஹரிப்ரியாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டோவ்னர் பக்கம் நடந்தாள். வாசலில் இலை வாருகிறவளை வேறு ஊர்க்காரி என்று அவளால் எப்படி நினைக்க முடியும்? குழந்தை ஹரிப்ரியாவின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. பிறகு அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனது. நாலு வருடத்தில் யாரும் அவளிடம் ஒரு வீட்டுச் சாவியைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு மனிதரை ஓரிடத்தில் இருக்க வைப்பதற்கு ஆண்டவன் பெரிய அற்புதங்களைச் செய்வதில்லை. யாரோ ஒருவரைக் கொண்டு, இதைக் கொஞ்சம் பிடி என்று சொல்லவைக்கிறார்.

மைதானத்துக்கு வெளியே சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர் கமலேஸ்வரியின் கணவர் யோகலிங்கம், பஸ் சாரதி. மூன்றரை மணிக்கு பேக்கரிக்காரர் அவரிடம் வந்து, ஊருக்கு இப்போது நல்ல சுகம், நாலு மணி அடித்ததும் எழும்பிப் போகும், உள்ளே இருப்பவர்களும் கூடவே போவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினேழாம் தடவையாக ரயில் மேடையிலிருந்து வந்த ராகவன் இதைக் கேட்டு அப்படியே நின்றான்.

"சார், என் மனைவி உள்ள இருக்கா சார்!"

"சார் எண்டு சொல்லாதையும் தம்பி, நான் பஸ் ஓட்டுறனான். எங்கடை ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம். என்ரை மனுசிதான் திரும்பவும் உள்ளை போயிட்டா, உம்மடை ஆளைத் தேடி."

"என்னை அந்த ஊர் விடமாட்டேங்குது."

"நீர் பாக்கப் போறீர், அதுதான் பிழை. ஏதாவது அலுவலாப் போம். இந்தாரும், பேக்கரி ஆக்களுக்கு இருபது சொசேஜ் குடுக்கிறன் எண்டு சொன்னனான். கொண்டுபோய்க் குடும்."

ராகவன் பிறவிச் சைவம். முட்டை வெந்த சட்டியைக்கூடத் தனியாக வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். கொழுப்புச் சொட்டும் அந்தத் தட்டைக் கைநீட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கி, முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு நடந்தான். ஒல்மர்பேக்கில் எண்ணூறு வருடத்தில் இவ்வளவு குறைவாகப் பார்த்து நடந்தவர் யாருமில்லை. ஊர் அவனுக்குத் தெருவை நேராகவே வைத்தது. பேக்கரியில் அவன் தட்டைக் கொடுத்ததும், அங்கே குழந்தையின் அம்மாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த கமலேஸ்வரி, "அவ ஆத்தங்கரையிலை, பச்சைக் கதவடி. கூப்பிட்டனான், வரமாட்டாளாம். நீர் போய்க் கதையும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

மணி மூன்று ஐம்பத்து நான்கு.

"ஹரி, எழுந்திரு. நாலு மணிக்கு இந்த ஊர் கிளம்பிடும்."

"அவ இன்னும் வரலையே. குழந்தையை யார்கிட்ட குடுக்கறது?"

"பக்கத்து வீட்ல குடுத்துட்டு வா. உன்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடும்!"

"என்னை நம்பிக் குடுத்தா. பக்கத்து வீட்டை நம்பி இல்லை." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கத்தாதீங்க, இப்பத்தான் தூங்கினான். நீங்க போங்க. உங்களுக்குத் திங்கக்கிழமை மீட்டிங் இருக்கு."

ராகவன் தெருவை ஒருமுறை பார்த்தான், மணிக்கூண்டைப் பார்த்தான். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். "சரி. நானும் இருக்கேன். எழுந்து போற ஊர் நம்மளையும் எங்கயாவது கொண்டுபோய் விடும்." திருமணமான பிறகு அவன் எங்கும் கிளம்பாமல் அவளோடு உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஹரிப்ரியா அவனை மேலும் கீழும் பார்த்து, "உங்க மேல என்ன இப்படி ஒரு நாத்தம்?" என்று கேட்டாள். அவன் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. குழந்தை எழுந்துவிடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

மணிக்கூண்டின் பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தது. மணி அடிக்கவில்லை. முள் அங்கேயே நின்றது. எழும்பத் தொடங்கியிருந்த வீடுகள் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றன. ஏழு நிமிடம் ஒல்மர்பேக் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அதன் பிறகுதான் லீஸ்பெத் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஈஸ்ட் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டதாம். ஸ்டோவ்னர் புது ஊராயிற்றே என்று கொஞ்சம் சுற்றிப் பார்த்தாளாம், நகரும் படிக்கட்டை நாற்பது படம் எடுத்தாளாம். குழந்தையை வாங்கி, தன் ஊர் வழக்கப்படி ஹரிப்ரியாவின் கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தாள். ஹரிப்ரியாவும் ராகவனும் கைகோத்து ஓடி, கோல் கோட்டைத் தாண்டியதும் பின்னால் மணி நான்கு அடித்தது. ஒல்மர்பேக் எழுந்து, ஆற்றைச் சுருட்டிக்கொண்டு, மேகத்துக்கு மேலே தெற்கு நோக்கிப் போனது. கமலேஸ்வரியின் கணக்கில் இரண்டு இலைவாரிகள் குறைந்தன.

செவ்வாய்க்கிழமை விமானம் ஹரிப்ரியா இல்லாமல் போனது. அன்று காலை இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பாத்திரம் ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சியது, வந்து கதவைத் தட்டியது. அதில் மீன் இருந்ததால் அது அப்படியே திரும்பிப் போனது. மாலையில் மீன் இல்லாத கூழ் வந்தது. மூன்று வருடம் கழித்து டுக்னாட் பொறுப்பாளராக ஹரிப்ரியா தெரிவானாள். சொசேஜ் சுடும் பொறுப்பை ராகவன் ஏற்றுக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுட்டாலும் அவன் எதையும் கருக்கியதில்லை என்று பெயர்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஊர் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமையில் நடந்த ஒன்றும் உண்டு. அன்றுதான் ஐரோப்பா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும் நாள். எல்லா வீட்டுக்கும் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்திருந்தது. மற்றவர்கள் அதைத் தூங்கித் தீர்த்தார்கள். ஹரிப்ரியா விடியும்போதே எழுந்து, ராகவனை எழுப்பாமல் இறங்கி, உறைபனி படிந்த மைதானத்தின் நடுவட்டத்துக்குப் போனாள். தன்னால் ஓர் ஊரே ஏழு நிமிடம் பின்தங்கிவிட்டது, அங்கே ரொட்டியும் பூசையும் பள்ளிக்கூட மணியும் இனி அவ்வளவு பிந்தும் என்று அவளுக்கு இரவெல்லாம் மனம் உறுத்தியிருந்தது. அவள் கையுறைகளைக் கழற்றினாள். தனக்கென்று ஒன்றையும் நினைக்காமல், அந்தக் குழந்தையையும் அவன் அம்மாவையும் மட்டும் நினைத்துக்கொண்டு, ஏழு நிமிடம் கைகூப்பி நின்றாள். பிறகு இலவசமாகக் கிடைத்த மணியிலிருந்து அந்த ஏழு நிமிடத்தையும் ஒல்மர்பேக்குக்காகச் சரளையின் மேல் வைத்துவிட்டு, வந்த காலடிகளிலேயே வீட்டுக்குத் திரும்பினாள். யாரும் பார்க்கவில்லை. வெயில் வந்தபோது அந்த ஏழு நிமிடங்களும் அங்கே இல்லை. நாலாம் மாடியின் அந்த வீட்டில் மட்டும் அன்றிலிருந்து ஒஸ்லோவைவிட ஏழு நிமிடம் முந்தி விடிகிறது. ராகவன் அதற்கேற்ப எழுந்துகொள்கிறான்.