ஒரே படம், இரண்டு கார்டு

அவளுடைய கம்ப்யூட்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு மாதம் போனதும், அவளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கட்டப்போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. ஜன்னல் வழியாக வெயில் எப்படி விழும், மாடிப்படியின் நிழல் எங்கே படியும் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். படுக்கையறை மூலையில் மேசை போட்டு, வீட்டிலிருந்தே ஒரு கட்டட நிறுவனத்துக்குச் செய்துகொண்டிருந்தாள். அந்த வெளிச்சக் கணக்கையெல்லாம் போடுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. பதினாறு ஜிபி மெமரியோடு நல்ல கார்டாகப் பார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தாள். மாட்டிக் கொடுத்தவன் கணவன். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வீட்டில் வேறு யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டதில்லை.

ஒருநாள், "உள்ளே ஒரே தூசி. கடையில வச்சு சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மாலையில் அது பளபளவென்று திரும்பி வந்தது. அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. கால் மணியில் முடிகிற படம் முக்கால் மணி இழுத்தது. பெரிய வீடாக இருந்தால் மெமரி போதவில்லை என்று பாதியிலேயே நின்றது. ஃபேன் வேறு மாவு மெஷின் மாதிரி இரைந்தது.

"சுத்தம் பண்ணின புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றான் கணவன். "நீ எதுக்கு இத்தனை மரம் செடி போடுற? ஃபைல் கனத்துப் போகுதுல்ல?"

மரங்களை எடுத்தாள். படத்தின் தரத்தைக் குறைத்தாள். நிழலெல்லாம் அழுக்குத் துணி மாதிரி இருக்கிறது என்று ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி தாமதம். சாப்பிட எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து வருவாள்.

"ஆமை அண்ணி வந்தாச்சு!" என்பான் கொழுந்தன். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"விடுடா. பாவம், அவளுக்கு முன்ன மாதிரி ஓடல" என்பான் கணவன். தனக்காகப் பரிந்து பேசுகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கடைசியில் ஆபீஸ் மேலாளர் அம்மாள் போன் செய்தாள். "எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் ஃபைல் அனுப்பியிருக்கேன். ஓட்டிட்டு ரிசல்ட் அனுப்புங்க. கோளாறு மெஷின்லயா, இல்ல..." என்று நிறுத்திக்கொண்டாள்.

டெஸ்ட் முடிந்ததும் திரையில் மேல் வரியில் கார்டின் பெயர் வந்தது. அது அவளுடைய கார்டு இல்லை. அதே கம்பெனிதான், ஆனால் முந்தைய தலைமுறை, பாதி மெமரி. கொழுந்தனின் பழைய கார்டு. அதை வாங்கிய காலத்தில் அவன் வாரக்கணக்கில் அதன் பெருமை பாடியதால் அவளுக்குப் பெயர் மனப்பாடம்.

கொழுந்தன் வெளியே போயிருந்தான். ஹாலில் இருந்த அவன் கம்ப்யூட்டரில் அதே ஃபைலை ஓட்டினாள். மேல் வரியில் அவளுடைய கார்டின் பெயர் வந்தது. ஃபேன் சத்தமே இல்லை. இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழையதில் நாற்பத்து மூன்று நிமிஷம், இதில் பதினான்கு. பழையது எண்பத்து மூன்று டிகிரி சூடு, இது அறுபத்து நான்கு. பழையதில் பாதியிலேயே நின்ற பெரிய வீட்டையும் போட்டுப் பார்த்தாள், இதில் தோட்டத்தோடு முடிந்தது. எந்தக் கடைக்காரனும் சொல்லக்கூடிய வித்தியாசம்தான்.

அவளுக்கு அந்த எண்களைவிட வேறொன்றுதான் உறைத்தது. 'எனக்கு மூளை மழுங்கிடுச்சோ' என்று ஒருநாள் கணவனின் தோளில் சாய்ந்து அழுதிருந்தாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தான். தடவிய கைதான் கழற்றிய கையும்.

அவன் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"என் கார்டு எங்கே?"

"எந்தக் கார்டு?"

"உங்க தம்பி மெஷின்ல இருக்கே, அது."

அவன் பையைக் கீழே வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். "அவனுக்கு கேம் போட்டி இருந்துச்சு. பழசுல படம் திக்கித் திக்கி வந்துச்சு. நீ பண்றது அசையாத படம்தானே? கொஞ்சம் லேட்டானா என்ன? போட்டி முடிஞ்சதும் மாத்திடலாம்னு இருந்தேன்."

"போட்டி எப்ப முடிஞ்சுது?"

அப்போதுதான் உள்ளே வந்த கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் உங்ககிட்ட தானே அழுதேன்?"

"அப்ப சொன்னா நீ கத்துவேன்னு..."

மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "ஒரு அட்டைக்கா இவ்வளவு ரகளை? வீட்டுக்குள்ளதானே இருக்கு? தெருவுலயா கொண்டுபோய் போட்டான்?"

கணவனின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அதுவரை அவள் எந்தப் பெட்டியையும் திறந்ததில்லை. கொழுந்தனின் பெட்டியைத் திருகித் திறந்தாள். கார்டைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை.

"அண்ணி, கிளிப்பை அழுத்திட்டு இழுங்க" என்றான் கொழுந்தன் மெல்ல.

அவனைத் திரும்பிப் பார்க்காமல் கிளிப்பை அழுத்தினாள்.

மறுநாள் காலை மேலாளர் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "நான் நம்பறேன்மா. ஆனா அந்தப் பெரிய வீட்டு வேலையை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. உங்க வீட்டுக்காரர் கார்டை மாத்திட்டாருன்னு மேல போய்ச் சொன்னா சிரிப்பாங்க."

அதன் பிறகு கதவு நிறம் மாற்று, திரைச்சீலை மாற்று என்று சில்லறை வேலைகள்தான் வந்தன. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடம், "அவளுக்கு இப்ப வேலை குறைஞ்சிடுச்சு. பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்" என்று கணவன் சொல்வது படுக்கையறைவரை கேட்டது.

அவள் வெளியே வேலை தேடினாள். வேறொரு நிறுவனத்தில், முன்பைவிடக் கீழ்ப் பதவியில், கிடைத்தது. முதல் நாள் கிளம்பும்போது கணவன் வாசலில் வந்து நின்றான்.

"வீட்டுல இவ்வளவு நல்ல மெஷின வச்சுக்கிட்டு, இது தேவையா?"

"அங்க மெஷினைப் பார்த்துக்க வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.