ஒரு டம்ளர் தண்ணீர்

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த கார்ட்டூன் படத்தில், வேலையிலிருந்து திரும்பும் கணவனுக்கு மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த எழவைத்தான் ஒரு வாரமாக வரைந்துகொண்டிருந்தேன். என் பொம்மை சிரித்ததே தவிர, யாருக்காகவோ காத்திருந்தவளாகத் தெரியவில்லை.

"கண்ணாடி முன்னால நீயே நடிச்சுப் பாருய்யா, ஜெபதுரை. அப்புறம் வரை" என்றார் எங்கள் டைரக்டர் இராஜமாணிக்கம்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் வீட்டுப் பீரோ கண்ணாடி முன் டம்ளரோடு நின்றேன். என் மனைவி இன்பராணி நர்ஸ் வேலைக்குக் குவைத் போனதிலிருந்து எனக்கு யாரும் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. டிரங்க் காலில் எப்போதாவது குரல் மட்டும் வரும். அவள் எப்படிக் கொடுப்பாள்? டம்ளரின் அடியை முந்தானையால் துடைப்பாள். நான் குடித்து முடிக்கும்வரை, காலி டம்ளருக்காகக் கையை நீட்டியபடியே நிற்பாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே செய்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து அவளே நீட்டுவது போலிருந்தது. வரைந்தேன்.

மறுநாள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த இராஜமாணிக்கம், "அச்சா! உசிரு வந்துடுச்சு" என்றார். "ஆனா இடது கையால குடுக்கறாளே! கண்ணாடியில தெரிஞ்சதை அப்படியே வரைஞ்சிட்டியா? பாக்கறவங்க திட்டுவாங்கய்யா. மாத்திடு."

"ஆமா சார், கண்ணாடிதான்" என்றேன். இன்பராணிக்கு இடது கைப் பழக்கம் என்று அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மாற்றுவது சுலபம். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் காகிதத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டு, தெரியும் கோடுகளின் மேல் வரைந்தால் போதும். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். அதே முந்தானை, அதே டம்ளர். வலது கையை நீட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி நின்றாள்.