குடிமக்கள் மட்டும்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே வலையைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். குதிரைப் பந்தய மைதானத்தின் பார்வையாளர் மாடத்து உத்திரத்திலிருந்து அது தரைவரை தொங்கும். பச்சையிலும் பழுப்பிலும் சாயம் தோய்த்த கோணிப் பட்டைகளைக் கண்ணி கண்ணியாக அதில் கோத்து இழுக்க வேண்டும். எங்கோ ஒரு பாலைவனத்தில் பீரங்கியை மூடி மறைக்கப் போகிற வலை. தோமிகோ முழங்காலில் நின்று அண்ணாந்து கோத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூசி கண்ணில் கொட்டியது. துப்பினால் எச்சில் பச்சையாக வந்தது.

பியர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டு ஆறு மாதமாகியிருந்தது. ஸ்ட்ராபெர்ரி பழுத்துச் சிவந்த வாரத்தில்தான், மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சத்தார் எல்லோரையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்கு வரச் சொன்னது அமெரிக்க அரசு. அம்மா, தங்கை கியோமி, அவள் என்று மூன்று பேருக்கு ஒரு குதிரைக் கொட்டில். சுவரில் அடித்த வெள்ளைக்குள் குதிரை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் தரைக்கடியிலிருந்து மூத்திர வாடை கிளம்பும்.

“குதிரைக்காவது ஓடி முடிச்சதும் ஓட்ஸ் போட்டாங்க. நமக்கு அந்தப் புளிச்ச முட்டைக்கோஸ்தான்” என்றான் பக்கத்தில் இருந்த ஹிதேயோ.

“பேசாம கோத்துக்கிட்டு இருடா. நாம உழைக்கிறதப் பாத்தாத்தான் நம்மள நம்புவாங்க” என்று, உயரத்தில் கோப்பதற்காகக் கட்டிய சாரத்தின் மேல்பலகையிலிருந்து மசாரு அதட்டினான். அவன் அண்ணன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தான். யுத்தம் தொடங்கியதும் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்திருந்தார்கள். மசாரு அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் கியோமி பலகையிலிருந்து விழுந்தாள். கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டிருந்தவள். “அக்கா, கண்ணு இருட்டுது” என்ற குரல் கேட்டுத் தோமிகோ திரும்புவதற்குள் சிமெண்டுத் தரையில் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இனித் தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார் முகாம் மருத்துவர்.

வலைவேலையின் மேற்பார்வை விட்லாக்கிடம் இருந்தது. மூக்கில் கட்டத் துணி, நடுவில் கொஞ்சம் ஓய்வு, வயிற்றுக்கு உருப்படியான சாப்பாடு என்று தோமிகோ அவரிடம் முன்பே பலமுறை கேட்டுச் சலித்திருந்தாள். இப்போதும் அதே பதில்தான்.

“அங்க முன்னணியில பசங்க செத்துக்கிட்டிருக்காங்க. உனக்கு மூக்குல தூசி போறதா பெருசு? காலையில உன் தங்கச்சி இடத்துல ஒரு ஆள் நிக்கணும். இல்லன்னா ஆஸ்பத்திரின்னும் பாக்க மாட்டேன், இழுத்துட்டு வந்து நிறுத்துவேன்.”

கொட்டிலுக்குப் போய் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னாள். அம்மா மூட்டையை அவிழ்த்து எதையோ தேடத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில், மாடத்துக்கு முன்னே கட்டியிருந்த கயிற்றடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு, கையில் பழைய தோட்டத்துக் கையுறை.

“என்னம்மா இது?”

“கியோமி இடத்துல நான் நிக்கிறேன். வாழ்நாள் முழுக்க முட்டிபோட்டுக் களை எடுத்தவதானே.”

கயிற்றருகே நின்ற சிப்பாய்க்கு மீசைகூட முளைக்கவில்லை. “நீங்க எங்கம்மா பொறந்தீங்க?” என்று கேட்டான். தோமிகோ மொழிபெயர்த்துச் சொன்னாள்.

“ஜப்பான்ல, வாகாயாமா.”

“அப்ப முடியாதும்மா. இந்த வேலைக்குக் குடிமக்கள் மட்டும்தான். வேற நாட்டுக்காரங்கள யுத்த வேலையில வைக்கக் கூடாதுன்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு.”

“முப்பது வருஷமா இந்த மண்ணுல கெடக்கேன். குடியுரிமை குடுன்னு கேட்டா, உங்க ஜாதிக்கெல்லாம் கெடையாதுன்னு சொன்னதும் இவங்கதான். போடி, அவன்கிட்டச் சொல்லு.”

தோமிகோ சொல்லவில்லை. அவள் மனம் அந்தச் சிப்பாயின் வார்த்தையிலேயே நின்றுவிட்டது. குடிமக்கள் மட்டும். இங்கே பிறந்ததால் அவளுக்குக் கிடைத்த அந்தக் குடியுரிமை, வேலிக்குள் அடைத்தபோது எந்தக் குப்பையில் கிடந்ததோ! முகாமில் வயதுவந்தவர்களில் பாதிப்பேர் அம்மாவைப் போலக் கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் இந்த வலையைத் தொடக் கூடாது. இங்கேயே பிறந்தவர்களில் வலிமையுள்ளவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வலையடியில்தான் இருந்தார்கள். ‘வேற ஆளக் கூப்பிடுவேன்’ என்று விட்லாக் நாளுக்கு நாலு தடவை மிரட்டுவாரே, அந்த வேற ஆள் கிடையவே கிடையாது.

அவள் உள்ளே போய்க் கையில் எடுத்த பட்டையைக் கீழே போட்டாள். சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சு?” என்றான் ஹிதேயோ.

“நம்ம இடத்துல வைக்க அவங்களுக்கு ஆளே இல்ல. இப்பத்தான் கண்ணால பாத்தேன்.”

அம்மாவைத் திருப்பி அனுப்பியதை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஹிதேயோ உட்கார்ந்துவிட்டான். அந்தச் செய்தி வலைக்கு வலை தாவியது. பலகைகளிலிருந்து ஆட்கள் இறங்கும் சத்தம் மாடம் முழுக்கக் கேட்டது.

விட்லாக் ஓடி வந்தார். “என்ன இது? யுத்த நேரத்துல வேலைய நிறுத்தினா துரோகம்! ஜப்பான் புத்தி போகுமா உங்களுக்கு?”

“கொட்டில்ல அடைக்கும்போது நாங்க ஜப்பான்காரங்க. வலை கோக்கும்போது அமெரிக்கக் குடிமக்கள். எதாவது ஒண்ணு சொல்லுங்க, சார்” என்றாள் தோமிகோ.

“வாயாடாத! வேற ஆளக் கூப்பிடுவேன்.”

“யார? எங்கம்மாவையா? உங்க சிப்பாய்தான் திருப்பி அனுப்பினாரு. தூசிக்குத் துணி குடுங்க, ஓய்வு குடுங்க, சோறு குடுங்க. என் தங்கச்சியத் தொடாதீங்க. எந்திரிக்கிறோம்.”

விட்லாக்கின் கழுத்து சிவந்தது. வெளியே ராணுவ லாரி வலைக்காகக் காத்திருந்தது. இவர்களை வேறு முகாமுக்கு, இதைவிடக் கொடிய இடத்துக்கு, அனுப்ப அவரால் முடியும். அது தோமிகோவுக்கும் தெரியும்.

மேல்பலகையில் மசாரு மட்டும் இன்னும் கோத்துக்கொண்டிருந்தான். அவன் இருமும்போதெல்லாம் பலகை ஆடியது. விட்லாக் அவனை அண்ணாந்து பார்த்தார்.

“நீ நல்ல பையன். இறங்கி வா. முதல்ல உக்காந்தது யாரு யாரு? பேரச் சொல்லு. உங்க அண்ணனப் பத்தி மேலிடத்துல நானே பேசுறேன்.”

மசாரு இறங்கினான். அவன் பச்சையேறிய விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தான்.

“தெரியல சார். எங்க முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க? எனக்கும் அப்படித்தான் தெரியுது.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் வரிசை முழுக்கப் பரவியது. வெளியே லாரி இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்துக்கிடந்தது.

மசாரு தோமிகோவின் அருகே வந்து அவள் தோளைத் தட்டினான்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு.”