விரிப்பின் மறுமுனை

ஓட்டல்களிலிருந்து சலவைக்கு வந்து துவைத்தெடுத்த ஈர விரிப்பின் ஒரு முனையைத் தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டியும் மறுமுனையைச் சிட்டுவும் பிடித்து உதறினார்கள். உதறிய சூட்டோடு இழுத்துப் பிடித்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் சேர்ந்தாற்போல் நுழைக்க வேண்டும். ஒரு கை தளர்ந்தாலும் துணி கோணிக்கொள்ளும். மதியத்துக்குமேல் தளர்வது எப்போதும் சோடாபுட்டியின் கைதான்.

"அக்கா, இழுத்துப் பிடிங்க" என்றாள் சிட்டு.

சோடாபுட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டியாயிற்று. போன வருஷம்வரை இவளும் அழுக்கு மூட்டைமேல் சாய்ந்து கொட்டாவி விட்டவள்தானே! இப்போது விடியற்காலையில் நடக்கிறாளாம். டீக்குச் சர்க்கரை கிடையாதாம். பொழுதோடு படுத்துவிடுகிறாளாம். முகம் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளக்கிறது.

"நீங்களும் நடந்து பாருங்கக்கா. உடம்பு காத்தாட்டம் ஆயிடும்."

"உனக்கென்னடி, பொண்ணு சமைச்சுப் போடுறா. நான் நடக்கப் போயிட்டா எங்க வீட்டு அடுப்பு தானா எரியுமா?"

சொன்னாளே தவிர, யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் அவளும் நடந்து பார்த்தாள். இருந்த தூக்கமும் போனதுதான் மிச்சம்.

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். "என்ன சிட்டு, காலேஜ் பொண்ணாட்டம் சுறுசுறுப்பா இருக்கீங்க!"

இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதுண்டா? சோடாபுட்டிக்கு வயிறு எரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அவளுக்கென்ன சார், ரெண்டாள் வேலையை ஒருத்தியே பார்ப்பா. நான்தான் இங்க ஒப்புக்கு நிக்கிறேன்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அப்படியா? எங்கே, தனியா ஒண்ணு விட்டுக் காட்டுங்க சிட்டு."

புகழ்ந்த வாய் கேட்கும்போது மறுக்கத் தோன்றுமா? சிட்டு ஒரு முனையை உருளையில் செருகிவிட்டு, துணி கோணுவதற்குள் மறுபக்கம் ஓடிச் செருகினாள். விரிப்பு சுருக்கமில்லாமல் வெளியே வந்தது.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார் சூப்பர்வைசர், சோடாபுட்டியிடம்.

"ஐயோ சார், ஏதோ வாய்த்துடுக்கா சொல்லிட்டேன்."

"அக்கா இல்லாம என்னால முடியாது சார்" என்று சிட்டுவும் பதறினாள்.

"ஏன், உடம்பு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

சிட்டு ஈரத்துணிக் குவியல் பக்கம் திரும்பினாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு சோடாபுட்டி வாசலில் திரும்பிப் பார்த்தாள். சிட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்தும் சோடாபுட்டிக்குப் பொறாமை அடங்கவில்லை.