பதினோராம் மாடி

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் லாக்டேட் எத்தனையோ, அத்தனையாவது மாடியில் படுக்கை. இரண்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். யாரும் இதைப் பற்றிக் குறைப்படவில்லை.

சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய் நான்காம் மாடியில் இருந்தாள். காலில் மீன்முள் குத்தி, சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. கிருமியோடு மல்லுக்கட்டி உடம்பு தோற்கத் தோற்க, ரத்தத்தில் லாக்டேட் என்ற புளிப்பு ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

பேச்சித்தாய் காலையிலிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"குளிருது."

அவள் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை ஐஸ் டப்பாவில் வைத்து, லேபில் கொடுக்கச் சொன்னார்கள். வழியில் பார்த்தால் குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது. சுடலைமணிக்கு மனசு கேட்கவில்லை. ஐஸைக் கொட்டிவிட்டுக் குழாயை அக்குளில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுத்துக்க பேச்சி," என்றான். நடுக்கம் நின்றது. பாவி, சந்தோஷப்பட்டான்.

நடக்க நடக்க வராந்தா நீண்டது. எந்த முனையில் திரும்பினாலும் அதே வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அக்குளில் என்ன என்று கேட்டார். வீட்டுக்காரி என்றான். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வழிவிட்டார்.

லேப்காரர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார்.

"என்ன தொழில் பாக்கீரு?"

"இட்லி மாவு விக்கேன்."

"மாவை எங்க வைப்பீரு?"

"ஐஸ் பெட்டியில."

"ஏன்?"

ஊருக்கே தெரிந்த சங்கதி, மாவுக்காரனுக்குத் தெரியாதா?

"வெளிய வச்சா புளிச்சிரும்," என்றான்.

லேபில் பதினொன்று என்று பதிந்தார்கள். அது குழாயில் ஏறிய புளிப்பு, அவளுடையது இல்லை, வேறு ரத்தம் எடுங்கள் என்று காலில் விழுந்தான்.

"ரத்தம் அவங்களோடதுதானே?"

"அவளோடதுதான்."

"பெறகென்ன."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஓடினான். நான்காம் மாடியில் படுக்கை காலி. கட்டிடத்துக்குப் பத்து மாடிதான். பதினொன்று மொட்டைமாடி.

பேச்சித்தாய் அங்கே கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். காற்று பேயாய் அடித்தது. பாதங்கள் நீலம் பாரித்திருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

"இப்பக் குளிரலை," என்றாள், சிரித்தபடி.

சூடு பிடித்தால் இன்னும் புளிப்பு ஏறிவிடுமே. போர்வையை உருவி எடுத்தான். அவள் குளிருது என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க பேச்சி."

நடுக்கம் நிற்கும்வரை போர்வையைக் கொடுக்கவில்லை.