கண்ணில் படாத தலையணைக் கடை

எங்கள் தலையணைக் கடை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கண்ணில் படாமல் போயிற்று. நான் டீ வாங்கப் போயிருந்தேன். என் மனைவி கோகிலவாணி உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு டம்ளருடன் திரும்பி வந்தபோது நாச்சிமுத்துவின் சூட்கேஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் வெள்ளையடித்த சுவர் இருந்தது. சுவருக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. போனில் வராத கடை தெருவிலும் வராது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். கடையைப் போனில் பதிந்துவிடலாம் என்று கோகிலவாணி மூன்று முறை சொன்னாள். பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று முறையும் சொன்னேன்.

சுவரில் காது வைத்து அவள் பெயரைச் சொன்னேன். மெஷின் நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடியது. நான் இரண்டு டீயையும் குடித்தேன்.

கண்ணில் படும் துறை இரண்டாம் மாடியில் இருந்தது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. பஸ் வரவில்லை. மதியம் போல் அதிகாரியின் அறையை அடைந்தேன். அவர் பெயர் அமுதவல்லி. என் போன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நீங்க இல்லீங்க," என்றார்.

"இங்கதானுங்க நிக்கறேன்."

"நிக்கறீங்க. இல்லீங்க."

கடை இருப்பதற்கு மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்று விளக்கினார். மூவரும் எங்கள் தலையணையில் உண்மையாகவே தூங்கியவர்களாக இருக்க வேண்டும். என்ன நடந்ததோ அதைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். கெட்டதையும் சொல்லலாம். அவர்களுக்கு நான் எதுவும் தரக்கூடாது. நான் கையோடு கொண்டு போயிருந்த சின்னக் குஷனை அவர் பென்சிலால் என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

கடையின் படம் ஒன்று கேட்டார். என் போனில் ஒன்றுதான் இருந்தது. கோகிலவாணி தலையணை அடுக்கின் முன்னால் நிற்கிறாள். அவள் முடியில் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கிறது. மங்கலான படம்.

"தலையில பஞ்சு இருக்குது. இரவல் படம் இல்ல," என்று அமுதவல்லி முத்திரை குத்தினார்.

முதல் மாடியில் வேறொரு கவுன்ட்டர் இருந்தது. அங்கே சாட்சிகளை மொத்த விலைக்குக் கொடுத்தார்கள். நாச்சிமுத்து அங்கே வரிசையில் நின்றார். அவருடைய கடையும் மங்கத் தொடங்கியிருந்தது. தன் கடை வாசலைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். நானூறு பேருக்குச் சொல்லியிருந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் யோசித்தேன். நிறையவே யோசித்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நானூறு பேரும் மறுநாள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. அவர்கள் எதையும் வாங்கவில்லை. கடைக்குள் நின்று பாராட்டினார்கள். கடை நான்கு மாடி உயர்ந்தது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் நாச்சிமுத்துவின் வீட்டுக்கும் போய்ச் சமையலறையில் நின்று பாராட்டினார்கள். வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி ஓடி வந்து, மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"மிகச் சிறந்த அனுபவம்," என்றார். "அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவரால் அதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியவில்லை. மனைவி சற்று நேரம் அவர் வாயைப் பார்த்தார். பிறகு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார்.

நான் முதல் மாடிக்குப் போகவில்லை.

எங்களிடம் வாங்கியவர்களைத் தேடினேன். மகளிர் விடுதி வார்டன் ஒருவர் சொல்ல ஒப்புக்கொண்டார். தலையணை நன்றாக இருக்கிறது, உறையின் நிறம் ஒரே துவைப்பில் போய்விட்டது என்றார். இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் ஒருவர், பகலில் தூங்க முடிகிறது என்று மட்டும் சொன்னார். மூன்றாவதாகப் பொன்னுரங்கத்திடம் போனேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்து உள்ளே விட்டார்.

அவர் மகன் எங்கள் தலையணையில் படுத்துத்தான் நோயில் கிடந்தான். இறந்ததும் அதில்தான். இப்போது அதில் அவர் தூங்குகிறார். ஆறு மாதத்தில் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது என்று பொன்னுரங்கம் சொன்னார். கோகிலவாணி வீட்டுக்கே வந்து, பையன் விழிக்காதபடி மடியில் அவன் தலையை வாங்கிக்கொண்டு, அங்கேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தாளாம். எனக்கு அது தெரியாது. அவள் சொல்லவில்லை.

"ரெண்டு நட்சத்திரந்தான் போடுவேன்," என்றார் பொன்னுரங்கம்.

"போடுங்க."

"அவன் எந்திரிக்கலையே."

"சரிங்க. அப்பிடியே எழுதுங்க."

மடியில் தலையை வாங்கியதையும் சேர்த்து அப்படியே எழுதினார். அதற்குக் கீழே கடைக்காரர் பதில் எழுத வேண்டும் என்று விதி. மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன்.

நான் தினமும் மதியம் சுவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தூக்கை வைத்து வந்தேன். சாயங்காலம் அது அப்படியே இருக்கும். ஒன்பதாம் நாள் மெஷின் மெதுவாக ஓடியது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் ஒரு லாரி போகிற அளவு நேரம் இருந்தது. மூன்று சாட்சிகளையும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினேன்.

அமுதவல்லி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். இரண்டு நட்சத்திரத்தை இரண்டு முறை படித்தார். நல்ல சாட்சிகள் என்றார். பிறகு ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே எங்கள் கடைக்கு ஒரு பாராட்டு வந்திருந்தது. கடையே பதிவாகாததால் அது மட்டும் தனியாகக் காத்திருந்தது.

'எங்க கடைத் தலையணை மாதிரி எங்கயும் வராது. தைக்கிறது நான். பஞ்சு அடைக்கிறது அவரு. நல்லா அடைப்பாரு.'

"இவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்றார் அமுதவல்லி.

"சம்சாரமுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சொந்தக்காரர் சொன்ன பாராட்டு பொய்ச் சாட்சியில் சேரும், அது இருக்கும்வரை கடை கண்ணில் படாது என்றார். அழித்துவிடுங்கள் என்றேன். எழுதியவர்தான் அழிக்க முடியும் என்றார். எழுதியவள் கடைக்குள் இருக்கிறாள். கடை கண்ணில் பட்டால்தான் அவள் வெளியே வர முடியும்.

"வேற வழி இல்லீங்களா?"

"பாராட்டை எடுக்க முடியாதுங்க. சொந்தத்தை எடுக்கலாம்."

படிவம் ஒரே பக்கம். திருமணத் தேதி, ஊர், பந்தி போட்ட இடம் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் உண்மையாக நிரப்பினேன். அவள் பங்குக்குக் கையெழுத்து தேவையில்லையா என்று கேட்டேன். தேவைதான், ஆனால் அவசரத்துக்கு ஒரு பக்கத்துக் கையெழுத்தே போதும் என்றார். அமுதவல்லி ஜன்னலைப் பார்த்தபடி எழுந்து நின்றார். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை உட்காரவில்லை.

தெருவுக்குத் திரும்பியபோது சுவர் இல்லை. கடை இருந்தது. வாசலில் ஆட்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன். எல்லோரும் பொன்னுரங்கத்தின் இரண்டு நட்சத்திரத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். மடியில் தலையை வாங்கிக்கொண்ட அம்மா யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் என்று அதனால் தெரிந்துகொண்டேன்.

நான் வரிசையில் நின்றேன்.

கோகிலவாணி இளைத்திருந்தாள். மற்றபடி நன்றாக இருந்தாள். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். புது ஆளைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தாள்.

"வாங்க. எங்க கடைய எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

போனில் வந்தது என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். உண்மையாகவே போனில் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது, படத்தோடு வருகிறது என்றேன். அவள் கூச்சத்துடன் தலைமுடியைத் தடவிக்கொண்டாள்.

"ஒண்ணு போதுமுங்களா, ஜோடியா வேணுமுங்களா?"

"ஜோடியாவே குடுங்க."

"உங்க வீட்டுக்காரம்மா ஒசரமா வெச்சுப் படுப்பாங்களா, தாழ்வாங்களா?"

"தாழ்வாத்தானுங்க. வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா. ஒரு கையத் தலையணைக்கு அடியில குடுத்துக்குவா."

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"நானும் அப்பிடித்தானுங்க," என்றாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரை வரச் சொன்னாள்.