நான்காவது மாலுமி

1980-ஆம் ஆண்டுப் பெருமழை விட்ட மறுநாள், கெடா மாநிலக் கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்துக் குளத்தில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலொன்று மேலே வந்து நின்றது. அந்த வாரம் கெம்போங் மீன் விலை இறங்கியிருந்தது. குளத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சாக்கடைகூடக் கிடையாது. அணுவால் ஓடிய முதல் கப்பல்களில் ஒன்று, துருவப் பனிக்கு அடியில் புகுந்து வந்தது, இப்போது ஓய்வு பெற்றது என்று அதன் நாட்டு அதிகாரிகள் வந்து சொன்னார்கள். அணு என்றதும் எங்களில் பாதிப்பேர் பக்கத்து ஊரான யானிலிருந்த மாமியார் வீடுகளுக்கு ஓடி, இரண்டே நாளில் அணுவே தேவலை என்று திரும்பினோம். அதிகாரிகள் அணு உலையைக் கழற்றிக்கொண்டு கூட்டை எங்களிடமே விட்டுப்போனார்கள். அது அருங்காட்சியகம் ஆயிற்று. கூலிமிலிருந்து சில்வெஸ்டர் பொறுப்பாளராக வந்தார். கூட்டித் துடைக்கும் வேலை, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த புஷ்பவள்ளிக்குக் கிடைத்தது. உள்ளே நிறுத்த நான்கு மாலுமிப் பொம்மைகள் கேட்டிருந்தார்கள், வந்தவை மூன்று. நான்காவதன் சீருடை மட்டும் வந்து ஆணியில் தொங்கியது.

புஷ்பவள்ளியின் புருஷன் பக்கிரிசாமி அப்போது நாகப்பட்டினத்தில் இருந்தார். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்று ஆன காலத்தில் பினாங்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். குடியுரிமைக்கு மனுப் போட வேண்டிய நாளில் அலோர் ஸ்டாரில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார், கெடா தோற்றது. புஷ்பவள்ளிக்குக் குடிமக்களின் நீலக் கார்டு. இருவரும் சேர்ந்து கொண்டாடியது ஒரே ஒரு தீபாவளி. அவரைத் திரும்ப வரவழைக்க அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை, அருங்காட்சியகத்துக்கும்தான். அன்று கப்பல் மூழ்கிப் போய்விடும். சனிக்கிழமை காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் திரும்பி வந்து நிற்கும். உலை இல்லாமல் இது எப்படி என்று சில்வெஸ்டர் மேலிடத்தைக் கேட்டார். விடுமுறை நாளில் நடப்பது அவர் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை மேல்தட்டைக் கழுவிய புஷ்பவள்ளி, கிழிந்த வலையோடு நாகப்பட்டினத்துப் பீடிக்கட்டு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். அடுத்த வியாழக்கிழமை, புருஷனுடைய பழைய கட்டம் போட்ட கைலியைக் கப்பல் படுக்கையில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"எறங்கட்டுமா புள்ள?"

"எறங்கினா போலீஸ் புடிச்சி மறுபடி கப்பல் ஏத்திருவான். அசையாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

சில்வெஸ்டர் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு யோசித்தார். "கப்பலுக்குள்ள இருக்கறதெல்லாம் காட்சிப்பொருள்தான் அக்கா. பாஸ்போர்ட்டெல்லாம் வெளிய நடமாடுறவங்களுக்குத்தான் லா," என்று ஆணியிலிருந்த சீருடையை எடுத்துக் கொடுத்தார். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அந்த வாரத்தோடு கப்பல் வெள்ளிக்கிழமைகளில் வெளியே போவதையும் நிறுத்திக்கொண்டது.

பார்வை நேரத்தில் பக்கிரிசாமி அசையாமல் நிற்பார். கதவு சாத்திய பிறகு சாப்பிட்டுவிட்டுக் கேரம் ஆடுவார். எங்களில் யாரோ வாய் தவறிப் பேசியதில் இமிகிரேஷன் அதிகாரி ஒருவர் வந்தார். யாரென்று விசாரிக்க வேண்டாம், எங்கள் எல்லோருக்குமே வாய் நீளம். அதிகாரி நான்காவது மாலுமியின் முன் வெகுநேரம் நின்றார்.

"இந்தப் பொம்மைக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது?"

"ஏர்கான் இல்ல துவான். எனக்கே வேர்க்குது," என்றார் சில்வெஸ்டர்.

"மூச்சு விடுகிறதே?"

"இம்போர்ட் சாமான் துவான்."

அதிகாரி மாலுமியின் மீசையைத் தொடக் கை நீட்டினார். புஷ்பவள்ளி துடைப்பத் துணியோடு நடுவில் புகுந்து, தொட்டால் அபராதம் என்ற பலகையைக் காட்டினாள். மறு கையால் மாலுமியின் நெற்றி வேர்வையை ஒற்றினாள். அதிகாரி அதையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நன்றாகத் துடைத்து வையுங்கள், கெட்டுப்போகக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் அந்தப் பொம்மையின் காதுமடல்வரை துடைத்தாள். மற்ற மூன்றும் தூசி படிந்து கிடந்தன.

1982-இல் கயல் பிறந்தாள். அப்பா யார் என்று கேட்ட ஓரிரண்டு பேருக்குப் புஷ்பவள்ளி டிக்கெட் வாங்கி வந்து பார்க்கச் சொன்னாள். பிள்ளை அந்தக் குறுகலான நடையில்தான் நடக்கப் பழகியது.

1989-இல் தோட்டப் பள்ளியின் முதலாம் வகுப்பு கப்பலைப் பார்க்க வந்தது. டீச்சர் பிரிஜெட் உலை இருந்த இடத்தையும் பெரிஸ்கோப்பையும் காட்டிக்கொண்டே போனார். நான்காவது மாலுமிக்கு முன் வரும்போது கயலின் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மாலுமி குனிந்து, அதை இறுக்கிக் கட்டி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி நிமிர்ந்து நின்றார்.

"டீச்சர், பொம்ம அசையுது!" என்று ஒரு பையன் கத்தினான்.

"அப்பான்னா அசையத்தான் செய்வாங்க," என்றார் டீச்சர். "வரிசை கலையாம வாங்க. அடுத்தது சமையலறை."